கவிதை கேள்வி–பதில்: உவகையை எழுதுவது

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான், பத்து ஆண்டுகளாகக் கவிதை எழுதி வருகிறேன். கணவரின் மறைவைப் பற்றி எழுதியவற்றை எங்கள் பகுதிக் கவியரங்கில் அசையாமல் அமர்ந்து கேட்டார்கள். இப்போது மனம் தேறி, எனக்கு மகிழ்ச்சி தருபவற்றை எழுதினால், வாழ்த்து அட்டை வாசகம் போலிருக்கிறது என்கிறார்கள். ‘மொட்டை மாடியில் தென்றல் வந்தது, மனமோ மகிழ்ச்சியில் துள்ளியது, இதுவே எனக்குச் சொர்க்கம்’ என்ற வரிகளில் என்ன குறை? மகிழ்ச்சி கவிதைக்கு ஏற்ற பொருள் இல்லையா?
– ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: ஏற்ற பொருள்தான், அம்மா. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் விதங்களை, எட்டாக வகுத்தபோது நகையில் தொடங்கி உவகையில் முடித்தார். அந்த உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கைச் சொன்னார். இவற்றுள் புலன் என்பதற்கு அறிவு என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். எனவே விளங்காதிருந்த ஒன்று சட்டென்று விளங்கும்போது உண்டாகும் களிப்பும் உவகையின் கணக்கில் சேரும். வகுப்பறையில் ஏதோ ஒரு மாணவியின் முகத்தில் அதைத் தாங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அதை எழுதியதுண்டா?

தங்கள் வரிகளுக்கு வருகிறேன். கணவரைப் பற்றி எழுதியபோது ‘நான் துயருற்றேன்’ என்று எழுதி நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியோ, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையோ, செருப்பு கிடந்த மூலையோ உள்ளே வந்திருக்கும். (கவியரங்கின் அமைதியில் ஒரு பங்கு தங்கள் இழப்புக்குக் காட்டிய மரியாதை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள், மகிழ்ச்சிக்கு அந்தச் சலுகையை யாரும் தருவதில்லை.) மகிழ்ச்சி என்றதும் அந்தக் கவனம் தளர்ந்து, மனம் துள்ளியது, சொர்க்கம் என்று ஊரெல்லாம் புழங்கித் தேய்ந்த சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

தென்றல் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது தெற்கேயிருந்து வருவது. பொதிகை மலையோடு சேர்த்துப் பாடப்பட்டு வருவது. கோடைக்காலத்தில் பெரம்பூர் மொட்டை மாடிக்கு வந்து ஆறுதல் தருவதோ பெரும்பாலும் கிழக்கேயிருந்து வரும் கடற்காற்று. அக்கினி நட்சத்திர நாட்களில், காலை முதல் மேற்கேயிருந்து தரைக்காற்று அனலாக வீசிக்கொண்டிருக்க, கொடியில் உலரும் புடவை கிழக்கு நோக்கி அடித்துக்கொண்டிருக்கும். கடலைவிட நிலம் விரைவில் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பிவிடுவதால், நண்பகலையொட்டியோ, நம் பொறுமையைச் சோதிக்கும் நாட்களில் பிற்பகலிலோ, கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று ஊருக்குள் நுழையும். அப்போது அந்தப் புடவை ஒரு கணம் துவண்டு தொங்கும். பிறகு மெல்ல மேற்குப் பக்கம் திரும்பும். தாங்கள் மாடியில் நின்றிருந்தால் அந்தத் திரும்பலைப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதாமல் நேரே சொர்க்கத்துக்குப் போய்விட்டீர்கள்.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டு ஆறே வரிகள் கொண்டது. புதிதாக மணமான பெண் கணவனுக்குச் சமைத்துப் போட்டதைச் செவிலித்தாய் (வளர்த்தவள்) நற்றாயிடம் (பெற்றவளிடம்) சொல்வதாக அமைந்தது. தயிரைப் பிசைந்த விரல்; அந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டிருக்கும் கோலம்; தாளிப்புப் புகை படிந்த கண்; அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு; ‘இனிது’ என்று சொல்லி உண்ணும் கணவன். இவ்வளவும் ஆன பிறகு, கடைசி வரியில்தான் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே’ (ஒளி பொருந்திய நெற்றியுடைய அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது) என்று மகிழ்ச்சி வருகிறது. எனவே மகிழ்ச்சி என்ற சொல்லைக் கவிஞர் விலக்கவில்லை. ஐந்து வரி அடுப்படியில் நின்ற பிறகே அதைத் தொடுகிறார். ‘நுண்ணிதின்’ என்ற அடைமொழியையும் பாருங்கள். அவள் துள்ளவில்லை. வேறு யாரும் கவனிக்காத அளவுக்கு முகம் சற்றே மலர்கிறது. வளர்த்தவளின் கண் அதைப் பிடித்துவிடுகிறது. மகிழ்ச்சியின் அளவைச் சரியாகச் சொல்வதே இப்பாட்டின் பெரிய வித்தை என்பேன். தங்கள் மாடியில் கிடைத்தது சொர்க்க அளவா, ஒரு குவளை மோர் அளவா என்று எண்ணிப் பார்த்து, மோர் அளவுதான் என்றால் மோர் அளவுக்கே எழுதுங்கள். துயரம் வந்து போன வீட்டில் அதுவும் சிறிய அளவு அன்று. கணவரைப் பற்றிய ஒரு சொல் அந்தக் கவிதைக்குள் தானாக வந்து நின்றால், மகிழ்ச்சிக் கவிதையாயிற்றே என்று அதை வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: மரபுப் பா வகைகளுள் ஒன்றான கலிப்பாவுக்குத் துள்ளலோசை என்பதால் மகிழ்ச்சியைப் பாட அதுவே பொருத்தம் என்று நண்பன் வாதிடுகிறான். உண்மையா?
– ஒரு மாணவர், குரோம்பேட்டை.

பதில்: கலிப்பாவால் ஆன சங்க நூல் கலித்தொகை; அதன் பாலைக்கலிப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள், முழுக்கப் பிரிவின் பேச்சு. துள்ளல் என்பது சீர்கள் (அடியின் ஓசைத் துண்டுகள்) ஒன்றோடொன்று தளைக்கும், அதாவது இணையும், விதத்தால் எழும் ஓசைக்கு இட்ட பெயர். பாடுபவர் மனநிலைக்கு இட்ட பெயரன்று. கும்மி, சிந்து ஆகியவற்றில் மகிழ்ச்சி எளிதாகப் பாயும் என்பது உண்மைதான். ஆனால் எதுகை கிடைத்த வேகத்தில் ‘மகிழ்ந்தேன், நெகிழ்ந்தேன், முகிழ்ந்தேன்’ என்று கை தானாக ஓடிவிடும் ஆபத்தும் அங்கேதான் மிகுதி. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். அடுத்த அடி வாயில் வருவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டால் அந்த அடியை மாற்றுங்கள்.

கேள்வி: மகிழ்ச்சியான நேரத்தில் எழுத உட்கார்ந்தால் அந்த நேரமே கெட்டுப்போகிறது, பிறகு எழுதலாம் என்றால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. எப்போது எழுதுவது?
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்.

பதில்: அந்த நேரத்தில் கவிதை வேண்டாம், கண்ணில் பட்ட மூன்று பொருட்களின் பெயரை மட்டும் குறித்துவிட்டு, மகிழ்ச்சியில் திரும்பவும் கலந்துகொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன்பு மெரினாவில் பேரனோடு நின்றபோது, சுண்டல் மடித்த தாளில் ‘மாங்காய்த் துருவல், கலங்கரை விளக்கம், நனைந்த கால்சட்டை மடிப்பு’ என்று எழுதி வைத்தேன். உணர்ச்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வாரம் கழித்து எழுத அமர்ந்தபோது, மாங்காயும் கலங்கரை விளக்கமும் கவிதைக்குள் வர மறுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து அவன் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்தபோது கூடத்துத் தரையில் கொட்டிய ஒரு பிடி மணல் மட்டும் நின்றது. எழுதியதும் அதைப் பற்றித்தான்.