நாய்க்கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாதா?

கேள்வி: என் 8 வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. நேற்றே முதல் தடுப்பூசி போட்டாயிற்று. கடிவாயிலும் ஒரு மருந்து போடவேண்டும் என்கிறார்கள். பையன் வலி தாங்கமாட்டான். அவசியம்தானா?

பதில்: அவசியம். இன்றே போட்டுவிடுங்கள்.

தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸ். உடல் அதை இனங்கண்டு, அதற்குரிய பி செல்கள் (ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்கள்) பெருகி, ரத்தத்தில் போதிய ஆன்டிபாடி, அதாவது வைரஸை முடக்கும் எதிர்ப்புப் புரதம், சேர 7 முதல் 14 நாள் ஆகும். கடிவாயில் இறங்கிய வைரஸோ அதற்குள் தசையிலிருந்து நரம்புக்குள் புகுந்துவிடலாம். நரம்புக்குள் போனதை ஆன்டிபாடி எட்டிப்பிடிப்பது கடினம். மூளைக்குப் போய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

இந்த இடைவெளிக்காகத்தான் கடிவாயில் போடச் சொன்ன அந்த மருந்து, இம்யூனோகுளோபுலின். ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடி அது. மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து என்றால் 40. பையன் 25 கிலோ இருந்தால் முறையே 500, 1000 யூனிட். கடிவாயின் உள்ளேயும் சுற்றியும்தான் செலுத்த வேண்டும். இடுப்பில் மட்டும் போட்டு அனுப்பினால் வைரஸ் இருக்கும் இடத்துக்கு மருந்து போதிய அளவில் போய்ச்சேராது. காயங்கள் பல இருந்தால் சலைன் (உப்புநீர்) கலந்து எல்லாவற்றிலும் போடுவார்கள். கூடுதலாகப் போடச் சொல்லாதீர்கள். அளவு மீறினால் தடுப்பூசி தூண்டும் சொந்த எதிர்ப்புச் சக்தி மட்டுப்படும். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதற்குள் உடலே ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? இல்லையென்றால் இப்போதாவது கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதை உடைத்துவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எல்லாம் புண்ணை ரணமாக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. அசைவம் ஒதுக்கும் பத்தியமும் வேண்டாம்.

மீதித் தவணைகளை விடாதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28ஆம் நாட்கள் (முதல் ஊசி போட்ட நாள்தான் 0). தசையில் என்றால் 0, 3, 7, 14, 28 என ஐந்து, மேற்கையில். பிட்டத்தில் போடக்கூடாது, அங்குள்ள கொழுப்பு மருந்தின் வேகத்தைக் கெடுக்கும்.

ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் உடலில் தங்கியிருப்பதால், பின்னொரு நாள் மறுபடி கடித்தாலும் 0, 3ஆம் நாள் தடுப்பூசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அட்டை தொலைந்தால் முதலிலிருந்து எல்லாம் போட வேண்டிவரும்.