கிடப்பில் போட்ட கொலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் நீங்கள் முன்பு பரிந்துரைத்த மர்ம நாவலை எடுத்துப் படித்தோம். 25 வருடங்களுக்கு முன்பு காணாமல் போன கல்லூரி மாணவியின் வழக்கை ஒரு பெண் ஆய்வாளர் மறுபடி தோண்டும் கதை. பேச உட்கார்ந்தபோது கைகலப்பு வராததுதான் குறை. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், அந்த மாணவியின் அம்மா வரும் பகுதிகளில் அழுதுவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் தர மாட்டேன் என்றார். நடுவில் நூறு பக்கம் ஒரே இரவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கதை நகரவே இல்லை என்பது அவர் புகார். மூன்றாமவருக்கு முடிவு பிடிக்கவில்லை. நானோ பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்படியென்றால் நாவல் தோற்றுவிட்டதா? ஒரே புத்தகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு எதிரும் புதிருமான கருத்துகள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரோடு நாவலின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். முடிவைத் தொடாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் படிக்காதவர்களின் சாபம் எனக்கு வேண்டாம்.

நட்சத்திரக் கணக்கை விட்டுவிடுவோம். நீங்கள் யூகித்ததும் பெரிய விஷயமில்லை. சந்தேகப்பட ஏழெட்டுப் பேர்தான் இருக்கும்போது, கூடிப் படிக்கும் குழுவில் ஒருவராவது சரியான ஆளைத் தொட்டுவிடுவார்.

வழக்கமான கொலைக்கதையில் யார் செய்தது என்ற ஒரு கேள்வி போதும். கிடப்பில் கிடந்த வழக்கைப் பற்றிய நாவலுக்கு வேறு இரண்டு கேள்விகள் உண்டு. அன்றைக்கு ஏன் தெரியாமல் போனது? இன்றைக்கு எப்படித் தெரிய வந்தது? நீங்கள் படித்த நாவல் முதல் கேள்விக்கு மிக நன்றாகவும் இரண்டாவதற்கு மிக மோசமாகவும் பதில் சொல்கிறது. உங்கள் குழு இரண்டாகப் பிளந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வியைப் பாருங்கள். அந்தப் பெண் யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று முதல் வாரத்திலேயே விசாரணை அதிகாரி முடிவு கட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தகவலும் அந்த முடிவுக்குள்தான் போய் உட்கார்கிறது. தோழிகள் ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள். ஒருத்திக்குத் தன் காதல் வீட்டுக்குத் தெரியக்கூடாது. இன்னொருத்தி விடுதிப் பணத்தில் கை வைத்திருக்கிறாள். கொலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இந்தச் சில்லறைப் பொய்களெல்லாம் சேர்ந்து ஒரு கொலைகாரனை 25 வருடம் காப்பாற்றுகின்றன. யாரும் சதி செய்யவில்லை, அவரவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் படித்தது இந்த நாவலை.

ஒரு நட்சத்திரக்காரரோடுதான் எனக்குச் சண்டை. ஒரே இரவைத் திரும்பச் சொல்வது அலுப்பாக இருக்கிறது என்கிறார். இந்த வகைக் கதையில் கொலையாளி ஓடவில்லை. துரத்தவும் வழியில்லை. சம்பவம் நடந்த இடம் மாறிவிட்டது, தடயங்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது பழைய வாக்குமூலங்களும் வயதாகிப்போன மனிதர்களும். அதனால் துப்பறிவது என்றால் அன்று சொன்னதையும் இன்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பழைய வாக்குமூலத்தில் கேட் சத்தம் கேட்டதாக மட்டும் சொல்கிறார். இப்போது கேட்டால், அந்தப் பையன் கேட்டைச் சாத்தியதைப் பார்த்தேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஊரே அந்தப் பையனைச் சந்தேகப்பட்டதால் கேட்ட சத்தம் பார்த்த காட்சியாக மாறிவிட்டது. இந்த வித்தியாசம் மூன்றாவது தடவை அந்த இரவைச் சொல்லும்போதுதான் தெரிகிறது. நண்பர் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

இது நாவலாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிச் சோதனை செய்தார்கள். வேகத்தைப் பற்றிய கேள்வியைச் சிலரிடம் சாதாரணமாகவும், சிலரிடம் கார்கள் நொறுங்கிவிட்டது போலவும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், கடுமையாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். ஒரு வாரத்திலேயே இப்படி என்றால் 25 வருடத்தில் என்னென்ன கண்ணாடி உடைந்திருக்கும்!

அகதா கிறிஸ்டி 1942இல் எழுதிய 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' முழுக்க இந்த முறையில் எழுதப்பட்டதுதான். 16 வருடம் முன்பு கணவனுக்கு விஷம் வைத்ததாகத் தண்டனை பெற்ற ஒரு பெண் சிறையிலேயே இறந்துவிடுகிறாள். நான் செய்யவில்லை என்று மகளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். வயது வந்த பிறகு கடிதம் மகள் கைக்குக் கிடைக்கிறது, அவள் துப்பறிவாளர் பொய்ரோவிடம் போகிறாள். புதுத் தடயம் என்று ஒன்றுமே கிடையாது. அன்று அங்கே இருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு கணக்கு எழுதித் தருகிறார்கள், விடை அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெண் நீதிமன்றத்தில் ஏன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்ற கேள்விதான் சாவி. பதிலைச் சொல்லிவிடக் கை அரிக்கிறது, வேண்டாம். இதிலும் ஒரே நாளின் கதை திரும்பத் திரும்ப வருகிறது, அலுக்கவில்லை.

சரி, உங்கள் நாவல் எங்கே சறுக்குகிறது? மூன்றாமவர் சொன்னது போல முடிவில்தான். முன்னூறு பக்கம் மனிதர்களின் ஞாபகத்தை இவ்வளவு பொறுமையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய துப்பட்டா ஒன்று ஆய்வகத்துக்குப் போகிறது, டிஎன்ஏ பொருந்துகிறது, பெயர் வந்து விழுகிறது. ஆய்வாளர் அதுவரை செய்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் துப்பட்டாவை முதல் அத்தியாயத்திலேயே அனுப்பியிருக்கலாமே? அதோடு, ஒருவருடைய மாதிரி ஏற்கெனவே பதிவில் இருந்தால்தான் அதோடு பொருந்தும். ஒரு வழக்கிலும் சிக்காத இந்த ஆளின் மாதிரி எப்படி அங்கே வந்தது? நாவலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

டிஎன்ஏ வந்தாலே கதை கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. நிஜத்தில் அது இவ்வளவு சுலபமாக இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷைரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலை விசாரணையில் டிஎன்ஏவை முதன்முதலாகப் பயன்படுத்தியது அந்த வழக்கில்தான். அது முதலில் செய்த வேலை, ஒரு கொலையைத் தானே ஒப்புக்கொண்டிருந்த ஒரு பையன் குற்றவாளி இல்லை என்று காட்டியது. அப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஏனென்றால் கொலைகாரன் தன் பெயரில் ரத்தம் கொடுக்கத் தன்னோடு வேலை பார்த்தவரை அனுப்பியிருந்தான். போனவர் மதுக்கடையில் வாய்விட்டு உளறினார், அதைக் கேட்ட ஒரு பெண் போலீசிடம் சொன்னார். 1988இல் தண்டனை கிடைத்தது. விஞ்ஞானம் வாசல் வரை கொண்டுவந்து விட்டது, கதவைத் திறந்தது ஊர்ப்பேச்சு.

கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் நடந்த தொடர் கொலைகளுக்காக 2018இல் ஒரு முன்னாள் போலீஸ்காரர் பிடிபட்டதும் இப்படித்தான். மக்கள் தங்கள் டிஎன்ஏ விவரங்களைத் தாங்களே பதிவேற்றும் பொதுத் தளம் ஒன்றில் கிடைத்தது அவர் பெயர் அல்ல, தூரத்துச் சொந்தங்கள். அங்கிருந்து வம்சாவளி வரைந்து, வயதும் இடமும் பொருந்தாதவர்களைக் கழித்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. உங்கள் நாவலாசிரியர் கையில் இதே டிஎன்ஏ இருந்தது. துப்பட்டாவிலிருந்து கொலையாளியின் சொந்தக்காரர் ஒருவர் வரை போயிருந்தால் போதும். அவர் 25 வருடம் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை ஆய்வாளர் மறுபடி எடுத்துப் படித்திருப்பார், அந்த நூறு பக்கமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பரிந்துரைத்ததில் எனக்கு வருத்தமில்லை, இன்றும் பரிந்துரைப்பேன். கடைசி இருபது பக்கத்தை மட்டும் வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு கிறிஸ்டியை எடுங்கள். அந்த ஐந்து கணக்குகளையும் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எந்த ஒரு தகவலில் ஐந்து பேரும் ஒத்துப்போகிறார்கள் என்று பேசிப் பாருங்கள். ஒரு நட்சத்திர நண்பர் என்ன சொன்னார் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.