சூசனை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து மாதமாகத் தூங்கும் முன் சி.எஸ். லூயிஸ் எழுதிய, நார்னியா என்ற மாய நாட்டுக் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் வாசித்து, புரியாத இடத்தைத் தமிழில் சொல்வேன். போன வாரம் ஏழாவது புத்தகம் முடிந்தது. "எல்லாரும் ரயில் விபத்துல செத்துட்டாங்க, சூசனை மட்டும் சேத்துக்கவே இல்லை. லிப்ஸ்டிக் போட்டதுக்காகவா?" என்று அழுதாள். இனி அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டாளாம். "கதைதானேடி" என்றால் கோபம் கூடுகிறது. என்ன சொல்வது? ஆறு வயதுத் தம்பி வேறு எனக்கு எப்போது என்று கேட்கிறான். பெட்டியில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வுக்கு 1 என்று போட்டிருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகள் கவனமாக வாசிக்கிற பெண். 1956-இல் அந்த ஏழாவது புத்தகம், 'தி லாஸ்ட் பேட்டில்', வந்தது முதல் வாசகர்களுக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. சிறுவர் நூலுக்கான அந்த ஆண்டின் கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தது. கோபம் அதனால் தணியவில்லை. எழுத்தாளர் பிலிப் புல்மன் சூசன் விஷயத்தில் லூயிஸைக் கடுமையாகச் சாடியவர். நீல் கெய்மன் சூசனை மனதில் வைத்து 2004-இல் ஒரு சிறுகதையே எழுதினார். அது முழுக்கப் பெரியவர்களுக்கான கதை. தேடி எடுத்து மகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

"கதைதானே" என்ற சொல்லை முதலில் நிறுத்துங்கள். சூசனும் அதையேதான் சொல்கிறாள். கூடப் பிறந்தவர்கள் நார்னியா பேச்சை எடுத்தால், சின்ன வயதில் விளையாடிய விளையாட்டையெல்லாம் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்று சிரிக்கிறாளாம். நீங்கள் அந்த வரியைச் சொன்னால் மகள் உங்களை எந்தப் பக்கத்தில் வைப்பாள்?

இரண்டு நாள் விட்டு, சூசன் பேச்சு வருகிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் யார் பேசுகிறார்கள் என்று மகளையே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அவள் நார்னியாவின் தோழியாக இப்போது இல்லை என்று சுருக்கமாகச் சொல்வது அவளுடைய அண்ணன் பீட்டர். விளையாட்டு என்று சிரிப்பாள் என்பது உறவுக்காரப் பையன் யூஸ்டஸ். நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை என்பது யூஸ்டஸின் பள்ளித் தோழி ஜில். வயதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்ற பொருளில் பேசுவது பாலி (Polly) என்ற மூத்த பெண்மணி. ஆக, லிப்ஸ்டிக் விஷயம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வாயிலிருந்து வருகிற பழிப்பு. தீர்ப்புச் சொல்லவேண்டிய அஸ்லான், அதாவது நார்னியாவைப் படைத்த சிங்கம், சூசனைப் பற்றி வாயே திறப்பதில்லை. சூசன் அந்த ரயிலிலும் இல்லை. அவள் உயிரோடு நம் உலகத்தில் எங்கேயோ இருக்கிறாள். அவளுக்குத் தண்டனை கிடைத்ததாக ஒரு வரியும் கிடையாது. பல பெரியவர்களே இதைத் தவறாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் மகள் சமாதானமாகிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏனென்றால் அடுத்த வரியில் பீட்டர் இந்தப் பேச்சு இப்போது வேண்டாம் என்கிறான், எல்லாரும் பழம் பறிக்கப் போய்விடுகிறார்கள். கூடப் பிறந்தவளைப் பற்றிப் பேசிக்கொண்டே பழம் சாப்பிடப் போகிறார்களா என்று மகள் கேட்டால், கேட்கட்டும். லூயிஸ் அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிட்டார் என்றுதான் எங்களுக்கும் படுகிறது. நீங்களும் அதை ஒப்புக்கொள்ளலாம். புத்தகத்துக்காக வாதாட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அதன் பிறகு பழைய புத்தகங்களில் இரண்டு இடங்களைத் திரும்ப வாசியுங்கள். முதலாவது, 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'பில் கல்மேசை இரவு. செத்துக் கிடக்கிற சிங்கத்தின் வாய்ப்பூட்டைக் குளிரில் விறைத்த விரல்களால் அவிழ்ப்பவர்கள் இரண்டே பேர், சூசனும் அவள் தங்கை லூசியும். பீட்டர் அங்கே இல்லை. இரண்டாவது, 'பிரின்ஸ் காஸ்பியன்' 11-ஆம் அத்தியாயம். வந்தது அஸ்லான்தான் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தும், காட்டைவிட்டு வெளியேறினால் போதும் என்றிருந்ததால் அதை நம்பத் தனக்கே இடம் கொடுக்கவில்லை என்று சூசன் லூசியிடம் ஒப்புக்கொள்கிறாள். அஸ்லான் திட்டுவதில்லை, நீ பயத்தின் பேச்சைக் கேட்டுவிட்டாய் என்று சொல்லி அவள்மேல் மூச்சு விடுகிறது. ஏழாவது புத்தகத்து சூசனுக்கான விதை இங்கேயே கிடக்கிறது. ஒருமுறை மறுத்தவளை அஸ்லான் எப்படி நடத்தியது என்பதும் மகள் கண்ணில் படும்.

இந்தக் கேள்வியை லூயிஸிடமே பிள்ளைகள் கேட்டார்கள், அவரும் பதில் எழுதினார். 1957 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், சூசனுக்கு என்ன ஆயிற்று என்று புத்தகம் சொல்லவில்லை, அவள் உயிரோடு இருக்கிறாள், திருந்த நிறைய காலம் இருக்கிறது, தன் வழியில் அஸ்லானின் நாட்டுக்கு வந்து சேரவும் கூடும் என்கிறார். 1960-இல் இன்னொரு வாசகிக்கு, அந்தக் கதை பெரியவர்களின் நாவல் போல நீண்டுவிடும், தன்னால் எழுத முடியாது, நீயே எழுதிப் பாரேன் என்கிறார். அவர் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் 1985-இல் தனிப் புத்தகமாகவே வந்தன.

ஆகவே மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். "சூசன் கதையை எழுது" என்று மொட்டையாகச் சொன்னால் நாலு வரியில் அவளும் நார்னியா போய்ச் சேர்ந்துவிடுவாள், கதை முடிந்துவிடும். அதற்குப் பதில் சின்னக் கேள்வியாகக் கொடுங்கள். விபத்துச் செய்தியை அவளிடம் யார் வந்து சொன்னார்கள்? அதே விபத்தில் அப்பா அம்மாவும் போய்விட்டார்களே, வீட்டைத் திறந்து உள்ளே போனதும் முதலில் எதைப் பார்த்தாள்? கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த ஊதுகொம்பை அவளே இளவரசன் காஸ்பியனிடம் விட்டுவிட்டு வந்தாளே, அது ஞாபகம் வந்தபோது என்ன செய்தாள்? ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பக்கம் போதும். தமிழோ ஆங்கிலமோ, கலந்தோ எழுதட்டும். எழுத்துப்பிழை திருத்தாதீர்கள். சித்தி வந்தால் வாசித்துக் காட்டு என்று சொன்னீர்கள் என்றால் நோட்டு அன்றோடு பரணுக்குப் போய்விடும்.

இவ்வளவு அடி ஏன் விழுந்தது என்பதற்கு வேகமும் ஒரு காரணம். இந்த ஏழு புத்தகங்களும் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை. எட்டு வயதில் முதல் புத்தகத்தை வாசித்த அந்தக் காலத்துப் பிள்ளை கடைசிப் புத்தகத்தைப் பதினான்கு வயதில் வாசித்தது. அந்த ஆறு ஆண்டுப் பயணத்தை நீங்கள் ஐந்து மாதத்தில் முடித்துவிட்டீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. தம்பிக்கு மட்டும் ஆறாவதோடு நிறுத்தி, 'தி லாஸ்ட் பேட்டில்' புத்தகத்தைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. வெளிவந்த வரிசையே நல்லது, 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' என்ற சிங்கப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' ஆறாவதாக, 1955-இல் வந்தது. அதில் நடப்பது எல்லாவற்றுக்கும் முந்திய காலம் என்பதால் 1994-இல் பதிப்பகம் அதற்கு 1 என்று போட்டுவிட்டது. ஒரு சிறுவன் கால வரிசைப்படிதான் வாசிக்க வேண்டும் என்று எழுதியபோது லூயிஸ் அவன் கட்சியில்தான் அதிகம் சாய்ந்தார் என்பது உண்மை. எந்த வரிசையானாலும் பெரிதாகக் கெடாது என்றும் அவனுக்கு எழுதிய அதே கடிதத்தில் சொல்லிவிட்டார். ஆனால் புத்தகம் வேறு சொல்கிறது. சிங்கப் புத்தகத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் அஸ்லான் பெயர் முதலில் வரும்போது, அது யாரென்று உங்களுக்குத் தெரியாதது போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி வாசகரைப் பார்த்துச் சொல்கிறார். 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வை முடித்துவிட்டு வருகிற பையன் "எனக்குத் தெரியுமே" என்பான். பனிக்காட்டு நடுவே தெருவிளக்கு எப்படி வந்தது என்ற புதிரும் போச்சு. புத்தக முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எண்ணை மாற்றி எழுதிவிடுங்கள்.

ஆறு வயதுக்கு இந்த வருடம் சிங்கப் புத்தகம் ஒன்றே போதும். 17 அத்தியாயம், நடுநடுவே தமிழில் சொல்லிக்கொண்டு போனால் ஒன்றுக்கு அரை மணி ஆகும். ஒரு இரவுக்கு ஒன்று. விதிவிலக்கு ஒன்று உண்டு: சிங்கம் கொல்லப்படும் 14-ஐ வாசித்து விளக்கை அணைத்துவிடாதீர்கள். 15-ஐயும் அதே இரவில் முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொண்டால் வசதி.

சூசனின் தம்பி எட்மண்ட் ஒரு மிட்டாய்க்காகக் கூடப் பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பானா என்று தம்பி கட்டாயம் கேட்பான். அந்த மிட்டாயான டர்க்கிஷ் டிலைட் என்றால் பன்னீர் மணக்கும், சர்க்கரைப் பொடியில் புரட்டிய மெத்தென்ற துண்டு. அந்தப் புத்தகம் வந்தபோது பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன், 1953 வரை தொடர்ந்தது. அதைச் சொன்னால் எட்மண்டின் நாக்கு புரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நார்னியாவுக்கு வழியாக இருக்கும் அலமாரிக்குள் லூசி போகும்போது கதவைத் திறந்தே வைக்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்துவது முட்டாள்தனம் என்று லூயிஸ் திரும்பத் திரும்ப எழுதுகிறார். வாசிக்கும்போது அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவர் சொன்னது மர அலமாரி. நம் வீட்டு இரும்பு பீரோவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது, வெளியே கைப்பிடி திரும்பிவிட்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை. முதல் அத்தியாயம் தொடங்குகிற அன்றே பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.