பழைய ராணுவ விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கி ஓட்டலாம் என்றால் எதை வாங்குவீர்கள்?

பலர் யோசிக்காமல், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஓட்டிய சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் என்பார்கள். அழகில் அதற்கு ஈடில்லை. அந்த 27 லிட்டர் மெர்லின் எஞ்சின் முழங்கினால் மெய்சிலிர்க்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே இருக்கைதான். தரையில் அதிக நேரம் ஓடினால் எஞ்சின் சூடேறிவிடும். உதிரி பாகங்களும் அரிது.

என் தேர்வு நார்த் அமெரிக்கன் டி-6 டெக்ஸன். பிரிட்டனும் கனடாவும் ஹார்வர்ட் என்று அழைத்த அதே விமானம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் ஆயிரக்கணக்கானோர் பழகியது இதில்தான். 15,000-க்கு மேல் தயாரானதால் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. பயிற்சியாளரை உட்கார வைத்தே கற்கலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

இதன் 600 குதிரைத்திறன் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். சும்மா நிற்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் என்ற தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது இறுகி நின்றால் பலங்கொண்டு தள்ளவே கூடாது. கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

தரையிறங்கும்போது கூடுதல் கவனம் தேவை. மூன்றாவது சக்கரம் வாலுக்கு அடியில் இருக்கும் வால் சக்கர விமானம் என்பதால் ஓடுபாதையில் சற்றே திரும்பினாலும் அப்படியே சுழன்றுவிடும். முழுதாக நிற்கும் வரை கால்கள் ரடர் பெடலில் (விமானத்தை இடம் வலமாகத் திருப்பும் மிதி) வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் டி ஹாவிலண்ட் சிப்மங்க் பாருங்கள். 1946-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம், சின்ன எஞ்சின், எரிபொருள் செலவும் வெகு குறைவு.