பதில்: 2009 பிரசவ அட்டை இல்லை, அக்கா நெகட்டிவ் குரூப், இப்போது மண்டபம் முகாமில் 5ஆம் மாதம்

தம்பி, மண்டபம் அகதி முகாமில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு, 2009 போர் நேரத்தில் நடந்த முதல் பிரசவத்தில் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டாக்டர் கேட்கிறார், பிரசவ அட்டை இல்லை என்கிறீர்கள். நெகட்டிவ் குரூப் தாயின் உடம்பு, பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஊசி அது. அதைத் தேடி அலைய வேண்டாம். 2009 பிப்ரவரியில் வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலேயே ஷெல் விழுந்தது. பிறகு புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய ஊசி அது. போட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை சொல்லாததை ரத்தம் சொல்லிவிடும். அக்காவின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்டைரக்ட் கூம்ப்ஸ்' டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதி: 28ஆம் வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி, பிறக்கும் பிள்ளையின் குரூப் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஆன்டி-டி எதிர்ப்பொருள் இருப்பதாக டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் ஊசியால் பலனில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தச்சோகை வருகிறதா என்று, ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அடிக்கடி பார்க்கணும். ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜில் இப்போதே காட்டிவிடுங்கள், மதுரைக்கு அனுப்பினாலும் தயங்காதீர்கள்.

மூத்த பிள்ளைக்கும் மச்சானுக்கும் குரூப் பார்த்தீர்களா? மூத்தது நெகட்டிவ் என்றால் அந்தப் பிரசவத்தால் பயமில்லை. மச்சானும் நெகட்டிவ் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அவற்றாலும் எதிர்ப்பொருள் வரலாம் என்பதால், இடையில் கரு கலைந்ததா, காயத்துக்கு ரத்தம் ஏற்றினார்களா என்று அக்காவிடம் தனியாக, பக்குவமாகக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

கிராம சுகாதார நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்து ஆர்.சி.ஹெச். எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கியாச்சா? பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்பார்கள். கூம்ப்ஸ் ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.