வாசகர் கேள்வி – பதில்: குரூகர் பக்கத்திலேயே இருக்க, தனியார் காடு எதற்கு?

கேள்வி: ஓய்வுபெற்ற நானும் என் மனைவியும், மகன் குடும்பத்துடன் அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா செல்ல எண்ணியிருக்கிறோம். குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் என்னும் தனியார் காப்பகத்தில் ஓர் இரவுக்குச் சொல்லும் கட்டணம் மலைக்க வைக்கிறது. அரசுப் பூங்கா பக்கத்திலேயே இருக்கும்போது இந்தச் செலவு தேவையா? எந்த மாதம் உகந்தது? பேரனுக்கு நான்கு வயது.
– ஈரோடு வாசகர்

பதில்: சாபி சாண்டுக்கும் குரூகருக்கும் நடுவே இருந்த வேலியை 1993-இலேயே அகற்றிவிட்டார்கள் என்பதால், காலையில் குரூகரில் திரிந்த சிங்கம் மாலையில் தனியார் நிலத்தில் படுத்திருக்கக்கூடும். விலங்குகள் அவையே என்றாலும், அவற்றைப் பார்க்கும் விதம் வேறு. குரூகரில் சொந்தமாக வண்டி ஓட்டிச் செல்பவர் சாலையை விட்டு இறங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். புதருக்குப் பின்னால் சிறுத்தையின் வால் மட்டும் தெரிந்தால், வாலோடு மனநிறைவு அடைய வேண்டியதுதான். தனியார் காப்பகத்திலோ, திறந்த ஜீப்பின் முன்பக்கத்தில் தனி இருக்கை போட்டு அமர்ந்திருக்கும் தடம் பார்ப்பவர், மண்ணில் பதிந்த காலடியையும் மான்களின் எச்சரிக்கைக் குரலையும் வைத்து வழி சொல்ல, வழிகாட்டி வண்டியைப் புதருக்குள்ளேயே செலுத்துவார். இருட்டிய பிறகும் விளக்கொளியில் தேடல் தொடரும். ஒரு விலங்கைச் சுற்றி வண்டிகள் குவியவும் விடமாட்டார்கள். கட்டணத்தில் பெரும்பாலும் உணவும் நாளுக்கு இரண்டு சஃபாரியும் அடங்கிவிடும். காப்பக நுழைவுக் கட்டணம் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுத்தைக்குப் பேர்போன இடம் சாபி சாண்ட் என்பதால், அதைக் காணும் ஆசை உங்களுக்கு இருந்தால் செலவு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இரவு மட்டும் தங்குவது வீண்தான். மூன்று இரவு தங்கினால்தான் ஆறு முறையாவது காட்டுக்குள் போக முடியும். பணம் இடித்தால், மீதி நாட்களைக் குரூகரின் அரசு முகாம்களில் கழியுங்கள்.

எனினும் உங்கள் குடும்பத்துக்குச் சாபி சாண்ட் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, காரணம் பேரன். பல விடுதிகள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொது ஜீப்பில் ஏற்றுவதில்லை. அதோடு அது மலேரியா உள்ள வட்டாரம். மழைக்காலத்தில் அபாயம் கூடும். பொட்சுவானா எல்லையை ஒட்டிய மாடிக்வே காப்பகத்தில் மலேரியா கிடையாது. யானை, சிங்கம், காண்டாமிருகம், காட்டுநாய் எல்லாம் அங்கும் உண்டு. சிறு குழந்தைகளை வரவேற்கும் விடுதிகளும் இருக்கின்றன. எதுவாயினும், முன்பணம் கட்டுவதற்கு முன் குழந்தையின் வயதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

மே முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். அப்போது அங்கே வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து மறைவு குறைய, விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். விடியற்காலை திறந்த வண்டியில் வீசும் காற்று ஊட்டியில் பழகியவரையும் நடுங்க வைக்கும் என்பதால், கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம்.

விமானச் சீட்டில் ஒரு கண் வையுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற நகரங்களில் விமானம் மாறினால், தங்கும் நேரத்தைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். இந்தியா திரும்பும்போதும் இதே கேள்வி எழும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லுபடியாகும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்று மருத்துவர்கள் சொல்வதால், கட்டணம் சற்றே கூடினாலும் துபாய் அல்லது தோகா வழியாகச் செல்வதையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். காப்பகத்துக்குச் சிறு விமானத்தில் போவதானால் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்கமாட்டார்கள், துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள்.