பக்கம் திறந்தால் சேறு வரும்

கேள்வி: முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை தூக்கிக்கொண்டு திரிந்த ஷோஷா லைட் மெஷின் கன்தான் உலகிலேயே மோசமான துப்பாக்கி, அதன் மேகசின்தான் காரணம் என்கிறார்களே, நிஜமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மேகசின் என்ற சொல்லை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் சுருக்கமான பதிலோடு தப்பித்திருப்பீர்கள்.

துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். சொல்லுக்குப் பொருள் கிடங்கு. அரபியில் பிறந்து, ஐரோப்பாவில் வெடிமருந்துக் கிடங்காகி, 1731இல் எட்வர்ட் கேவ் என்ற லண்டன்காரர் தன் மாத இதழுக்குச் சூட்டிய பெயர். ஆக, துப்பாக்கிக்காரர்களும் நாங்களும் பங்காளிகள். அவர்கள் 20 தோட்டாவை அடைக்கிறார்கள், நாங்கள் 64 பக்கத்தை அடைக்கிறோம். இரண்டிலும் நடுவில் ஏதாவது சிக்கிக்கொள்ளும்.

ஷோஷாவின் மேகசின் அரை வட்டம். பிரெஞ்சுக்காரர்களின் 8 மி.மீ. லெபெல் தோட்டா அடியில் பருத்து நுனியில் ஒடுங்கும். அடுக்கினால் வாழைச்சீப்பு மாதிரி வளைந்துகொள்ளும். மெல்லிய தகரம், லேசில் நசுங்கும். எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். பதுங்குகுழிச் சேறு மொத்தமும் அந்த வழியாகக் குடிபுகுந்தது. நானும் பல வருடமாக இந்தக் கேள்வி-பதில் பக்கத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். அனுபவம் ஒன்றே.

உதாரணம், நம் தனித்தமிழ் நண்பர். 'ஷ' எதற்கு, 'சோசா' என்று எழுதினால் குறைந்தா போவீர் என்று அடுத்த வாரம் கார்டு வரும். ஐயா, சோசா என்று கேட்டால் எங்கள் தெருப் பெட்டிக்கடையில் கோலிசோடாவை உடைத்துக் கையில் கொடுப்பார்கள்.

சரி, மோசமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1915இல் அவசரத்துக்குச் செய்தது. செய்தது கிளாடியேட்டர் என்ற சைக்கிள், மோட்டார் கம்பெனி. சுடும்போது குழலே முழுசாகப் பின்னால் வந்து திரும்பும், அதனால் நிமிடத்துக்குச் சுமார் 240 தோட்டாதான். ஆனால் எடை 9 கிலோ. ஒருவர் நடந்துகொண்டே சுடலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்து, போர் முடியும்வரை அதை வைத்தே சமாளித்தார்கள். கெட்ட பெயரில் பெரும்பங்கு அமெரிக்கர்கள் உபயம். கையிலிருந்த லூயிஸ் என்ற வேறு லைட் மெஷின் கன்களைப் பறிகொடுத்துவிட்டு ஷோஷாவை வாங்கிய அமெரிக்க மரைன்களின் எரிச்சல் நியாயமானது. அப்புறம் அமெரிக்கத் தோட்டாவுக்கென்றே ஒரு ஷோஷா வந்தது. அதில் தோட்டா உட்காரும் அறையை அளவு பிசகிக் குடைந்திருந்தார்கள். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வர மறுத்தது. இதற்கு மேகசின் என்ன செய்யும்?

அனுபவப்பட்ட பிரெஞ்சு வீரர்கள் 20 தோட்டா போடவே மாட்டார்கள். முதல் தோட்டா சிக்காமலிருக்க 18, 19 போட்டு நிறுத்திக்கொள்வார்கள். இதை எங்கள் லே-அவுட்காரரிடம் சொன்னேன். இந்த இதழில் இரண்டு கேள்வியைத் தூக்கிவிட்டார். இரண்டும் தனித்தமிழ் நண்பர் அனுப்பியவை.